எப்பாவலப் பொசுபேற்றும் கமக்காரர் எதிர்ப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கமத்தொழில் வரலாறு பற்றி எழுந்த நூல்களிற் பெரும்பாலானவை குளங்களைக் கட்டிய மன்னர்களைப் பற்றியனவாகவோ, அவற்றைப் பின்னர் புனரமைத்த ஆள்பதிகளைப் பற்றியனவாகவோ அமைந்துள்ளன. குளத்தின் கீழ் வயல் செய்தவன் இவ்வரலாறுகளில் அரிதாகவே தலைகாட்டுகின்றான். தோன்றுமிடத்தும் இராசகாரியம் புரிபவனாகவோ, வரி செலுத்துபவனாகவோ, காணியற்றோர் பட்டியலில் ஓர் இலக்கமாகவோ மட்டுமே தோன்றுகின்றான். அவன் தானே வாய்திறந்து, தன் நிலத்தின் வரலாற்றைத் தானே சான்றாக முன்வைத்து, அரசையும் அந்நிய மூலதனத்தையும் ஒருங்கே எதிர்கொண்ட சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. 1990களில் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பகுதியில் நிகழ்ந்த எதிர்ப்பு அத்தகைய சிலவற்றுள் ஒன்றாகும். 2000 ஆம் ஆண்டு யூன் மாதம் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வாயிலாக அது சட்ட மாணவர்க்கு நன்கு அறிமுகமாகியுள்ளது. வரலாற்று மாணவர் அதனைப் போதியளவு நோக்கினர் என்று கூறுவதற்கில்லை.

முதலில் ஒரு முன்குறிப்பு அவசியமாகின்றது. நிலத்தின் மேற்பரப்புக்கு உரித்துடையவன் அதன் அடியிற் கிடக்கும் கனிப்பொருளுக்கும் உரித்துடையவனா? இவ்வினாவுக்கு இலங்கைச் சட்டம் அளித்துவந்த விடை கமக்காரனுக்கு ஒருபோதும் சாதகமாயிருந்ததில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவெனக் கொண்டது. சேனை வெட்டிப் பயிர் செய்து, சில ஆண்டுகள் தரிசாக விட்டு, மீண்டும் அவ்விடத்துக்கே திரும்பும் வழக்கமுடைய கிராமத்தவனிடம் எழுத்துச் சான்று எங்கிருந்து வரும்? 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் அந்நிலையை மேலும் இறுக்கிற்று. விடுதலைக்குப் பின்னரும் இவ்வகையில் அடிப்படை மாற்றம் நிகழவில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருட்கள் சட்டத்தின்படி, மேல்மண் எவருடையதாயினும் கீழேயுள்ள கனிப்பொருள் குடியரசுக்கே உரியது. ஆகவே காணி உறுதியை மட்டும் ஏந்திக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதால் எப்பாவலக் கமக்காரன் எதையும் சாதித்திருக்க முடியாது.

எப்பாவலவிற் பொசுபேற்றுப் படிவு இருப்பதை 1971 ஆம் ஆண்டிற் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினர் கண்டறிந்தனர். அப்பறைற்று என்னும் கனிப்பொருள் வடிவில் அமைந்த இப்படிவின் அளவு ஏறத்தாழ 6 கோடி மெற்றிக் தொன் என மதிப்பிடப்பட்டது. அதிற் பாதிக்கும் குறைந்த பங்கே உறுதிப்படுத்தப்பட்டது, எஞ்சியது ஊகித்தறியப்பட்டதே. கண்டறியப்பட்ட காலம் தொட்டுப் பல ஆண்டுகளாக அரசுடைமை நிறுவனமொன்றே சிறிய அளவில் இதனை அகழ்ந்து, அரைத்து, தேயிலை, இறப்பர், தென்னை முதலிய நீண்டகாலப் பயிர்களுக்குப் பசளையாக விற்றுவந்தது. இப்பாறைப் பொசுபேற்று நீரில் எளிதிற் கரைவதில்லை. எனவே மூன்று நான்கு மாதங்களில் விளைந்துவிடும் நெல்லுக்கு இது நேரடியாகப் பயன்படாது. நெற்செய்கைக்கு வேண்டிய சுப்பர் பொசுபேற்று வெளிநாட்டிலிருந்தே இறக்குமதியாயிற்று. காலடியிற் பொசுபேற்று மலை கிடக்க, எப்பாவலக் கமக்காரன் தன் வயலுக்குக் கப்பலில் வந்த பசளையை இட்டான். இம்முரண்பாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில் படிவைத் தொடவே கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கையாக இருக்கவில்லை. யார் தோண்டுவது, எவ்வளவு வேகத்தில் தோண்டுவது, எவரைக் கேட்டுத் தோண்டுவது என்பனவே பிரச்சினையாயின.

1990களில் அரசு இப்படிவை அந்நிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து பெருமளவிற் பயன்படுத்த முனைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பிறீபோட் மக்மொறன் குழுமத்தைச் சார்ந்த நிறுவனம், அதனோடு தொடர்புடைய ஐ.எம்.சி. அக்றிக்கோ, யப்பானின் தோமென் ஆகியவற்றுடன் நடந்த பேச்சுவார்த்தைகளின் விளைவாகக் கனிப்பொருள் முதலீட்டு ஒப்பந்தமொன்று வரையப்பட்டது. 56 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஆராயும் தனியுரிமையும், முப்பது ஆண்டுகளுள் 2 கோடியே 61 இலட்சம் மெற்றிக் தொன் பொசுபேற்றை அகழ்ந்தெடுக்கும் வாய்ப்பும் இதனாற் கம்பனிக்குக் கிடைக்கவிருந்தன. அகழ்ந்தது திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு அமையவிருந்த பொசுபோரிக்கமில, கந்தகவமில ஆலைகளிற் பதனிடப்படும்; பின்னர் ஏற்றுமதியாகும்.

அக்காலத்தில் அரசு நிறுவனம் ஆண்டொன்றுக்கு அகழ்ந்தது ஏறத்தாழ 40,000 மெற்றிக் தொன் மட்டுமே. ஒப்பந்தப்படி ஆண்டுச் சராசரி 8,70,000 தொன்னாகும். அதாவது இருபது மடங்கிற்கும் மேல். பழைய வேகத்தில் அகழின் அதேயளவு பொசுபேற்று அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றுபிடிக்கும். பேரர்க்கும் அவர்தம் பேரர்க்கும் உரியதை ஒரு தலைமுறைக்குள் முடித்துவிடுவதா என்ற வாதம், கிராமத்துக் கூட்டங்களிலும் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய விஞ்ஞானக் கழகம் ஆகியவற்றின் அறிஞரிடையேயும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. படிவின் முழு அளவும் தன்மையும் அறியப்படுமுன் இத்தகைய ஒப்பந்தத்திற் கையொப்பமிடுதல் தகாதென்பது அவ்வறிஞரின் நிலைப்பாடாக இருந்தது. கமக்காரரும் விஞ்ஞானிகளும் ஒரே பக்கத்தில் நின்ற இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டில் அடிக்கடி காணக்கூடியதன்று.

இனி அந்நிலத்தையும் அதில் வாழ்ந்தோரையும் நோக்குவோம். எப்பாவல மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எச் வலயத்துள் அமைந்தது. பழைய புராணக் கிராமங்கள் ஒருபுறமிருக்க, 1970களின் நடுப்பகுதி தொடக்கம் அரசே அழைத்துக் காணி வழங்கிக் குடியேற்றிய குடும்பங்களும் அப்பிரதேசத்தில் வாழ்ந்தன. நாட்டின் அபிவிருத்திக்கென ஒருமுறை பெயர்ந்து வந்தோர், இரண்டு தசாப்தங்கள் கழிவதற்குள் அதே அபிவிருத்தியின் பெயரால் மீண்டும் பெயருமாறு கேட்கப்படவிருந்தனர். ஏறத்தாழ 2,600 குடும்பங்கள், அதாவது 12,000 பேரளவில், நிரந்தரமாக இடம்பெயர நேரிடும் என நீதிமன்றத்தின் முன் கூறப்பட்டது.

அந்நிலத்தினூடாக ஓடுவது யோத எல எனவும் ஜயகங்கை எனவும் வழங்கும் கால்வாய். ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனுடைய ஆக்கமாகக் கொள்ளப்படும் கலாவாவியின் நீரை அனுராதபுரத்துத் திசாவாவிக்குக் கொண்டு சேர்க்கும் இக்கால்வாய் 54 மைல் நீளமானது. தொடக்கத்துப் பதினேழு மைல்களில் இதன் சரிவு மைலுக்கு ஆறு அங்குலமளவே என்பர். நவீன கருவிகள் ஏதுமின்றி இச்சரிவை எவ்வாறு அளந்தனர் என்பது இன்றும் பொறியியலாளரை வியக்கவைக்கும் செய்தியாகும். எனினும் வியப்பைக் காட்டிலும் அதன் தொழிற்பாடே நமக்கு முக்கியம். இக்கால்வாய்க்குப் பெரும்பாலும் ஒருபுறம் மட்டுமே அணையுண்டு. மறுபுறம் நிலத்தின் இயல்பான ஏற்றத்தையே கரையாகக் கொண்டு நீர் பரந்து நிற்கும்; மேட்டிலிருந்து வடியும் மழைநீரையும் அது ஏந்திக்கொள்ளும். அணைக்குக் கீழுள்ள நிலம் கசிவினால் ஈரம் பெறும். அவ்வீரத்தை நம்பிச் சிறுகுளங்களும் வயல்களும் அமைந்துள்ளன. இலங்கையின் புராதன நீர்ப்பாசனத்தை ஆராய்ந்த ஆர். எல். புரோகியர் இதனை வெறும் நீர்கடத்தும் வாய்க்காலாகக் கருதலாகாது என்பதை நன்கு உணர்த்தினார். இத்தகைய ஒழுங்கமைப்பில் ஓரிடத்தைத் தோண்டிக் குழியாக்கிவிட்டு, அவ்வோரிடத்துக்கு மட்டும் இழப்பீடு கணக்கிடல் இயலாது. பல மைல்களுக்கு அப்பாலுள்ள வயலின் ஈரமும் அக்குழியோடு தொடர்புடையது.

1880களில் ஆள்பதி ஆதர் கோடனின் காலத்திற் கலாவாவி புனரமைக்கப்பட்டபோது, நூற்றாண்டுகளாக வறண்டுகிடந்த இக்கால்வாயிலும் மீண்டும் நீர் ஓடிற்று. அந்நீரை வயலுக்குப் பகிர்ந்து, மதகு காத்து, கரை திருத்தி வந்தவர்கள் இக்கிராமத்தவர்களே. மன்னனோ ஆள்பதியோ கட்டியதை ஆண்டுதோறும் வாழவைத்தவன் கமக்காரன். எப்பாவல எதிர்ப்பின் உயிர்நாடி இங்கேதான் உளது என்பது என் கருத்து. காணியுறுதி பயன்படாத இடத்தில் அவர்கள் கால்வாயைச் சான்றாக முன்வைத்தனர்.

எதிர்ப்பு இயக்கம் பௌத்த விகாரையையும் வயலையும் இரு தூண்களாகக் கொண்டு வளர்ந்தது. ஊர்வலங்களும் கூட்டங்களும் நடந்தன. பொசுபேற்றுப் படிவைப் பாதுகாப்பதற்கென ஒரு குழு அமைந்தது. சுற்றாடற் சட்டத்தரணிகள் துணைநின்றனர். ஈற்றில் அப்பிரதேச வாசிகள் எழுவர் 1999 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தனர். அவர்களுள் வேளாண்மையால் வாழ்வோரும் கல்கந்தை புராண விகாரையின் தலைமைத் துறவியும் இருந்தனர்.

எதிர்த்தரப்பின் வாதங்கள் இலேசானவையல்ல. ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்தாகவில்லை, எனவே உரிமை மீறல் எதுவும் நிகழவில்லை என்பது ஒன்று. மனுதாரர் முறையிடுவது பொதுமக்கள் அனைவர்க்கும் பொதுவான விடயம். அது அவர்களது தனியுரிமை அன்று என்பது மற்றொன்று. இயற்கை வளங்களைப் பற்றித் தீர்மானித்தல் நிறைவேற்றுத்துறையின் பணி, நீதித்துறைக்கு அதில் இடமில்லை என்பது மூன்றாவது. நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு இம்மூன்றையும் நிராகரித்தது. மீறல் நிகழும் தறுவாயில் உள்ளதெனின் நீதிமன்றம் தலையிடலாம். ஓர் உரிமை பலர்க்கும் பொதுவாதலால் எவர்க்கும் உரியதன்று என ஆகிவிடாது. இயற்கை வளங்களின் காவற்பொறுப்பு நிறைவேற்றுத்துறைக்கு மட்டுமன்றி அரசின் எல்லா அங்கங்களுக்கும் உரியது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு, விரும்பிய சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரம், நடமாட்டச் சுதந்திரமும் வதிவிடத்தைத் தெரிவுசெய்யும் சுதந்திரமும் ஆகிய மூன்றும், அதாவது அரசியலமைப்பின் 12(1), 14(1)(எ), 14(1)(ஏ) உறுப்புரைகள், மீறப்படும் தறுவாயில் உள்ளன என நீதிமன்றம் கண்டது. படிவு பற்றிய முழுமையான ஆய்வு விஞ்ஞான நிறுவனங்களைக் கலந்து நடத்தப்பட்டு அதன் முடிவுகள் வெளியிடப்படும் வரையிலும், சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அங்கீகாரம் பெறப்படும் வரையிலும் எவ்வித ஒப்பந்தமும் செய்யலாகாதெனக் கட்டளையிட்டது.

காவற்பொறுப்பு என்னும் இக்கருத்து எப்பாவலவுக்கு வந்து சேர்ந்த வழி சற்று விரித்துக் கூறத்தக்கது; அதிலும் பொசுபேற்றே வழித்துணையாக வருகின்றது. பசிபிக் சமுத்திரத்துச் சிறு தீவான நவுறுவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பொசுபேற்று அகழப்பட்டு, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்குப் பசளையாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அத்தீவு ஐக்கிய நாடுகளின் நம்பிக்கைப் பொறுப்பு ஆள்புலமாக அவுஸ்திரேலியாவின் நிருவாகத்தில் இருந்தது. 1968 இல் விடுதலை பெற்றபோது தீவின் நடுப்பகுதி பயிர் முளைக்கவொண்ணாத கற்றூண் காடாக மாறிக்கொண்டிருந்தது. நம்பிக்கைப் பொறுப்பாளன் தன் பொறுப்பிலுள்ள நிலத்தைத் தின்றுவிட்டால் அதற்கு விடை கூற வேண்டுமா என்பதை ஆராய, நவுறு அரசு 1980களின் பிற்பாதியில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான சி. ஜி. வீரமந்திரி. 1989 இல் நவுறு சர்வதேச நீதிமன்றத்தில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக வழக்குத் தொடுத்தது. 1993 இல் அது இணக்கத்தில் முடிந்தது.

பின்னர் வீரமந்திரி அதே சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசரானார். 1997 இல் டனியூப் நதியின் அணை குறித்து ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையில் எழுந்த வழக்கில் அவர் எழுதிய தனிக்கருத்தில், நிலைபேறான அபிவிருத்தி என்பது மேற்குலகம் அண்மையிற் கண்டுபிடித்த புதுமையன்று என வாதித்து, அதற்குச் சான்றாக இலங்கையின் புராதன குளங்களையும் கால்வாய்களையும் எடுத்துக்காட்டினார். மூன்றாண்டுகளின் பின்னர் எப்பாவலத் தீர்ப்பு அத்தனிக்கருத்தை எடுத்தாண்டது. ஆக, கலாவாவியின் செய்தி ஹேக் நகர் வரை சென்று, கலாவாவியின் கால்வாயைக் காக்கத் திரும்பி வந்தது எனலாம்.

இவ்விடத்து ஒரு கேள்வியை எழுப்பாமல் அப்பாற்செல்ல இயலாது. தீர்ப்பில் மகாவம்ச மரபுக்குக் கணிசமான இடமுண்டு. மன்னன் நிலத்துக்குக் காவலனேயன்றி உரிமையாளன் அல்லன் என மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததாகக் கூறப்படும் செய்தியும், நீரைப் பயனின்றிக் கடலுக்கு விடலாகாது என்ற பராக்கிரமபாகுவின் கொள்கையும் அங்கு இடம்பெறுகின்றன. பல்தேசியக் கம்பனியின் கணக்கேட்டுக்கு எதிராக ஒரு சமுதாயம் தன் நெடிய நினைவை முன்வைப்பது மதிப்புக்குரியதே. ஆனால், வரலாற்றேடு ஒன்று வாய்க்கப்பெற்றவர்களுக்கு மட்டுமே இப்பாதுகாப்பு உரியதாகுமா?

திருகோணமலையை எண்ணிப் பார்ப்போம். பொசுபோரிக்கமிலம் ஒரு தொன் உற்பத்தியாகும்போது ஏறத்தாழ ஐந்து தொன் பொசுபோச்சிப்சம் கழிவாக எஞ்சும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அது மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றது. எப்பாவலவில் குழி விழுந்திருப்பின் திருகோணமலையிற் குன்று எழுந்திருக்கும். அக்கரையில் வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர் எவரும் அவ்வழக்கில் மனுதாரராக இருக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில் அங்கு ஓர் எதிர்ப்பு ஊர்வலம் நடத்துவதே எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கும் முன்வைக்கப் பழைமை இல்லாமலில்லை. கோணேசர் கல்வெட்டும் குளக்கோட்டன் மரபும் கந்தளாய்க் குளமும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு சமூகமும் தன்தன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் சென்றால், எவருடைய ஏடு பழையது என்ற வழக்கு வளருமேயன்றிக் கடல் காக்கப்படாது. மேலும், 1957 இல் கூட்டுத்தாபனம் அமைத்து அரசு இல்மனைற்று மணலை அகழத் தொடங்கிய புல்மோட்டைக் கரையோரத்து மீனவனுக்கு எந்த ஏடு உண்டு? மலையகத்தில் நூற்றைம்பது ஆண்டு உழைத்தும் காணியுறுதியே காணாத தோட்டத் தொழிலாளிக்கு எந்த ஏடு உண்டு?

எனவே தீர்ப்பின் இரு இழைகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று தொன்மை பற்றியது. மற்றது மிக எளியது: நாட்டின் சுற்றாடற் சட்டம் விதித்த நடைமுறையைத் தனியொப்பந்தம் ஒன்றினாற் சுற்றிக் கடந்து செல்லலாகாது, ஆய்வை மறைத்து வைக்கலாகாது, பாதிக்கப்படுவோர் அறிந்துகொள்ளுமுன் முடிவெடுக்கலாகாது. முன்னது எப்பாவலவுக்குச் சிறப்பாகப் பொருந்துவது. பின்னது தாதுசேனன் ஒரு கால்வாயும் வெட்டியிராத ஊருக்கும் பொருந்துவது. தீர்ப்பைப் பாராட்டுவோர் பெரும்பாலும் முன்னதையே பாராட்டுகின்றனர். பின்னதே வலியது என நான் கருதுகின்றேன்.

இதற்குப் பிற்கால வரலாறு சான்று தருகின்றது. எப்பாவலவில் அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகவேயில்லை. அரசு நிறுவனம் பழையபடி சிறிய அளவில் அகழ்ந்துவந்தது. மன்னார்த் தீவில் இல்மனைற்று மணலுக்கான ஆய்வுகள் நடந்தபோது, தம் கிணற்று நீருக்கும் பனங்காணிக்கும் என்ன நேரும் என மீனவரும் கமக்காரரும் அண்மை ஆண்டுகளில் எழுப்பிய எதிர்ப்பு, தங்களைக் கேளாமல் தோண்டலாகாது என்ற கோரிக்கையையே மையமாகக் கொண்டது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கு தனியார் அனல்மின் நிலையமொன்றிலிருந்து கசிந்த எண்ணெய் கிணறுகளிற் கலந்தமை தொடர்பாக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கொன்று தொடுக்கப்பட்டது. ஆறுகளில்லாத குடாநாட்டிற் கிணறே குளமும் கால்வாயும் ஆகும். 2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான தீர்ப்பு எப்பாவல வழக்கைத் துணைக்கொண்டு, மாசுபடுத்தியவரே விலை செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்க்கென 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு கம்பனிக்குக் கட்டளையிட்டது. அவ்வழக்கின் மனுதாரர் சுன்னாகத்தைச் சேர்ந்தவரல்லர், அவருக்கு அங்கு கிணறு ஏதுமில்லை என்ற ஆட்சேபம் எழுப்பப்பட்டது. அவர் சுற்றாடல் ஆர்வலரான ஒரு சிங்களவர். நீதிமன்றம் அவ்வாட்சேபத்தை ஏற்கவில்லை.